வாய் கோணினால் மணியைப் பார்

1984 ஒக்டோபரில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயங்களில் வேறு பேச்சே இல்லை. தமிழ்நாட்டு முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சென்னை அப்பல்லோ மருத்துவமனையில் படுத்திருந்தார். முதலில் சிறுநீரகம் என்றார்கள். சில நாளில் பக்கவாதமும் சேர்ந்துகொண்டது என்று செய்தி வந்தது. இலங்கை மலையகத்தில் எங்கள் கினிகத்தேனையிலிருந்து ஒரு சரிவு இறங்கினால் நாவலப்பிட்டி. 1917இல் அவர் பிறந்த ஊர் அது. தகப்பன் இறந்த பிறகு சிறு பிள்ளையாக இந்தியா போனவர் என்றாலும், எங்கள் ஆட்களுக்கு அவர் பக்கத்து ஊர்ப் பிள்ளைதான். பெரட்டுக்களத்தில் கங்காணி பேர் கூப்பிடுவதற்கு முன்னால், “ராத்திரி ரேடியோவுல என்னா சொன்னான்?” என்று யாராவது கேட்பார்கள். மாரியம்மன் கோயிலில் நேர்த்தி வைத்தவர்கள் பலர். “அவருக்கே வாதம் வருமா?” என்று எங்கள் அப்பாயி திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது. படத்தில் ஒற்றை ஆளாக அத்தனை பேரை அடித்துப் போட்ட உடம்பு அல்லவா.

நவம்பரில் அவரை நியூயோர்க்கின் புரூக்ளினுக்குக் கொண்டுபோனார்கள். அண்ணன் மகள் கொடுத்த சிறுநீரகத்தைப் பொருத்தினார்கள். படுக்கையில் இருந்தபடியே ஆண்டிப்பட்டித் தொகுதியில் வென்றார். 1985 பெப்ரவரியில் ஊர் திரும்பி மறுபடி முதலமைச்சர் ஆனார். பேச்சு மட்டும் பழைய பேச்சாக வரவில்லை, சொற்கள் குழறின. அப்படியே 1987 டிசம்பர் 24இல் கண்ணை மூடும்வரை, ஏறக்குறைய மூன்று ஆண்டுகள், அவர் பதவியில் இருந்தார். புரியாத சொல்லையும் ஜனங்கள் காது கொடுத்துக் கேட்டார்கள். ஒரு மனிதன் வாதத்துக்குப் பிறகும் அதே மனிதன்தான் என்று ஒரு நாடே ஏற்றுக்கொண்டதை நான் அப்போதுதான் பார்த்தேன். ஆனால் அந்தப் பொறுமை அவருக்குக் கிடைத்தது, எங்கள் லயத்தில் யாருக்கும் கிடைக்கவில்லை.

அதே மழைக்காலத்தில்தான் எங்கள் பெரியம்மாவுக்கும் வாதம் வந்தது.

கினிகத்தேனை, வட்டவளைப் பக்கத்து மழை தெரிந்தவர்களுக்குத் தெரியும். நாட்டிலேயே அதிகமாக நனையும் மலைகள் இவை. அன்று காலை பெரியம்மா படங்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனது. பத்து மணி இருக்கும். வலது கையில் கிள்ளிய கொழுந்து கூடைக்குப் போகவில்லை, செடி மேலேயே விழுந்தது. பக்கத்து நிரையில் நின்ற பெண் சிரித்துக்கொண்டே, “என்னா பெரியம்மா, இன்னிக்கு செடிக்கே கொழுந்தா?” என்று கேட்டிருக்கிறாள். பெரியம்மா திரும்பிப் பார்த்தது. வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. பதில் சொல்லத்தான் பார்த்தது, சத்தம் வந்தது, சொல் வரவில்லை.

அதன் பிறகு நடந்ததெல்லாம் அன்பில்தான் நடந்தது. அதனால்தான் இன்றும் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. பனிக்காத்து பட்டுவிட்டது என்றார் ஒருவர். காவல் தெய்வமான ரோதை முனி அடித்திருக்கும் என்றார் இன்னொருவர். லயத்துக்குத் தூக்கி வந்து, எட்டடிக் காம்பராவில் அடுப்போரம் படுக்க வைத்து, திருநீறு போட்டார்கள். சூடாகச் சாயத்தண்ணி ஊற்றினார்கள். அது கடைவாய் வழியாக வழிந்தது, கொஞ்சம் மூச்சுக்குழலுக்குள் போய்ப் பெரியம்மா கிடந்து இருமியது. “குடிச்சிருச்சு, இனி சரியாயிரும்” என்றார்கள். மழை விடட்டும் என்று மத்தியானம் வரை இருந்தார்கள். மழை விடவில்லை. மறுநாள் புறா இரத்தம் தேய்த்தால் கை கால் எழும்பும் என்று யாரோ சொல்ல, வாலிபர்களாக இருந்த நாங்கள் நாலு பேர் புறாவுக்காக டவுன் வரைக்கும் ஓடினோம். அந்த ஓட்டத்தை இன்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. அத்தனை வேகமாக ஓடக்கூடிய கால்கள் எங்களுக்கு இருந்தன. ஓடிய திசைதான் வேறு. மூன்றாம் நாள்தான் லொறி கிடைத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

உண்மையைச் சொன்னால், 1984இல் முதல் மணி நேரத்திலேயே போயிருந்தாலும் அடைப்பைக் கரைக்கும் ஊசி உலகத்தில் எங்கும் வாதத்துக்கு வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்கப்படவில்லை. அந்த ஊசி பலன் தரும் என்று பெரிய ஆய்வு ஒன்று நிறுவியது 1995இல். அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1996இல். எம்.ஜி.ஆருக்கும் அது கிடைத்திருக்காது. ஆனால் இன்று அது இருக்கிறது. இருந்தும் எங்கள் மலைகளில் இன்னும் சிலர் திருநீறு போட்டு மழை விடக் காத்திருக்கிறார்கள் என்பதுதான் என்னை இதை எழுத வைக்கிறது.

தலைக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு வைத்தியர் எனக்குச் சொன்னதை எங்கள் ஊர்ப் பாணியில் சொல்கிறேன். மலை உச்சி ஊற்றிலிருந்து லயத்துக்குக் கறுப்புக் குழாயில் தண்ணீர் வருகிறது. ஒரு நாள் பீலியில் தண்ணீர் இல்லை. காரணம் இரண்டில் ஒன்று. குழாயில் எங்கேயோ சருகு அடைத்திருக்கும், அல்லது அழுத்தம் தாங்காமல் எங்கேயோ வெடித்திருக்கும். பீலியடியில் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். குழாய் வழியே நடந்து போய்ப் பார்த்தால்தான் தெரியும். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயிலும் அப்படித்தான். பெரும்பாலும் அடைப்பு, சில சமயம் வெடிப்பு. நடந்து போய்ப் பார்ப்பதற்குப் பெயர்தான் சி.டி. ஸ்கேன். அடைத்தவருக்கு இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி உயிர் கொடுக்கும். வெடித்தவருக்கு அதே ஊசி எமன். அதனால்தான் ஸ்கேன் எடுக்காமல் எந்த வைத்தியரும் அதைத் தொடமாட்டார். வீட்டில் இருக்கும் அஸ்பிரின் குளிசையை முந்திக்கொண்டு கொடுக்கக்கூடாது என்பதும் இதனால்தான்.

அந்த ஊசிக்கு ஒரு கெடு உண்டு. அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்குள்ளும் முந்தினால்தான் பலன் கூட. அடைபட்ட பெரிய குழாய்க்குள் மெல்லிய கம்பியை விட்டுக் கட்டியை இழுத்து எடுக்கும் சிகிச்சை 2015க்குப் பிறகு உலகமெங்கும் பரவியது. சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட அதைச் செய்கிறார்கள். ஆனால் அது மிகச் சில இடங்களில்தான் உண்டு. அதை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. அடைபட்ட ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006இல் ஒரு மருத்துவர் கணக்குப் போட்டு எழுதினார். ஒரு சாயத்தண்ணி கொதிக்க வைத்து ஆற்றும் நேரத்தில் எத்தனை போகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலரை மணி நேரம் கொழும்புக்காரருக்குப் போதும். எங்களுக்கு அப்படி இல்லை. லயத்திலிருந்து தார் ரோட்டுக்கு வரவே படிக்கட்டும் கல்ரோட்டும். அங்கிருந்து நாவலப்பிட்டி, அதற்கப்பால் கண்டி என்றால் வளைவுகளிலேயே இரண்டு மணி நேரம் கரைந்துவிடும். மேலே போனால் ஹட்டன், டிக்கோயா. டிக்கோயா ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடத்தை 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி வந்து திறந்துவைத்தார். கட்டடங்கள் வருகின்றன, நல்லது. ஆனால் வாதம் வந்தவருக்கு எந்த ஆஸ்பத்திரி பக்கம் என்பதைவிட எங்கே அந்த நேரத்தில் ஸ்கேனும் ஊசியும் உண்டு என்பதுதான் கேள்வி. அதை லயத்து வாசலில் நின்று நாம் முடிவு செய்ய முடியாது. 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ்காரர்களிடம் கேட்கலாம். 2016இல் இந்திய நன்கொடையில் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கிய சேவை இப்போது நாடு முழுக்க ஓடுகிறது. காசு இல்லை. அந்த இலக்கம் தெரியாத பெரியவர்கள் இன்னும் எங்கள் லயங்களில் இருக்கிறார்கள்.

நான் நேரில் பார்த்த இன்னொரு காலையைச் சொல்கிறேன். இது அண்மையில் நடந்தது. எனக்குத் தம்பி முறையாகும் ஒருவர், ஃபெக்டரியில் வேலை செய்தவர், விடியற்காலை ஸ்தோப்பில் உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டிருந்தார். பிரஷ் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனார், விரல்கள் மூடவில்லை. உயர்தரம் படிக்கும் மகள் வாசலில் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பைக் கீழே போட்டுவிட்டு வந்து அவருக்கு முன்னால் குந்தினாள்.

“அப்பா, பல்லைக் காட்டுங்க” என்றாள். ஒரு பக்கம்தான் விரிந்தது. “ரெண்டு கையும் தூக்குங்க.” வலது கை பாதியில் இறங்கியது. “நாளைக்குச் சம்பள நாள்னு சொல்லுங்க.” அவர் சொன்னது அவருக்கே புரியவில்லை.

அவள் அழவில்லை. உள்ளே போய்ச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பள்ளிக்கூடப் பையிலிருந்து பேனையை எடுத்துத் தன் உள்ளங்கையில் 6.20 என்று எழுதினாள். பிறகு 1990க்கு அடித்தாள். அதன் பிறகுதான் எனக்கு அடித்தாள். “பெரியப்பா, அப்பாவுக்கு வாய் ஒரு பக்கம் போவுது. அம்புலன்ஸ் ரோட்டுக்கு வருது. கதிரையோட தூக்க ஆள் வேணும்.” அவ்வளவுதான் பேசினாள். நாங்கள் ஓடினோம். பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்து, அவர் சாயாமல் துணியால் கட்டி, நாலு பேர் படிக்கட்டில் இறக்கினோம். வழியில் ஒரு பாட்டி தண்ணீர்க் கோப்பையோடு வந்தது. அந்தப் பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டு, “பாட்டி, இப்ப ஒண்ணும் குடுக்கக்கூடாது, தொண்டைக்குள்ள போயிரும்” என்றாள். விழுங்கும் தசையும் சேர்ந்து தளர்ந்திருக்கும். ஆஸ்பத்திரியில் விழுங்கிப் பார்க்கச் சொல்லித் தேறிய பிறகுதான் வாய்க்கு ஒரு சொட்டுத் தண்ணீர். பெரியம்மாவின் இருமலுக்கு அர்த்தம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஆஸ்பத்திரியில் முதல் கேள்வியே “எத்தனை மணிக்கு?” என்பதுதான். பல வீடுகளில் அதற்குப் பதில் இருக்காது. காலையில் என்பார்கள், விடியக்காலம் என்பார்கள். அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். தூக்கத்தில் வந்திருந்தால், கடைசியாக நல்லபடியாக இருந்ததைப் பார்த்த நேரத்தைத்தான் கணக்கில் எடுப்பார்களாம். அதனால் ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தார், நடுவில் எழும்பினாரா என்பதும் யாராவது நினைவு வைத்திருக்க வேண்டும். அவருக்கு ஸ்கேன் எடுத்தார்கள், அடைப்பு என்று தெரிந்தது, ஊசி போட்டார்கள். இன்று கைத்தடியோடு நடக்கிறார். வலது கை முழுதாகத் திரும்பவில்லை. பேச்சு திரும்பிவிட்டது. அந்த ஊசி போட்ட எல்லாரும் எழும்புவதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் எழும்புவதற்கான வழி அவருக்குத் திறந்திருந்தது.

அந்தப் பிள்ளை பார்த்த மூன்றும்தான் முக்கியமானவை: முகம், கை, பேச்சு. இவற்றோடு திடீரென்று கண் இருட்டுவது, நிற்க முடியாமல் ஒரு பக்கம் சாய்வது, வாழ்நாளில் காணாத தலையிடி இடிப்பது, இவையும் அதே வகைதான். திடீர் என்பதைக் கவனியுங்கள். கூடை சுமந்து சுமந்து பல வருடமாக வலிக்கும் தோள் வேறு, பல் விளக்கும்போது செத்துப்போகும் கை வேறு.

சில சமயம் அது வந்துவிட்டு உடனே போய்விடும். இதுதான் மிகவும் ஏமாற்றும். எங்கள் மேல் லயத்தில் ஒரு கவ்வாத்துக்காரர் இருந்தார், எங்களுக்கெல்லாம் மாமா. ஒரு நாள் கத்தி தீட்டும்போது கை மரத்துப் பேச்சுக் குழறியது. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. எழும்பி நின்று கையை ஆட்டிக் காட்டினார், எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். ராத்திரி தவறணையிலும் அதே கதையைச் சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் கழித்து விழுந்தவர் எழும்பவில்லை. சின்னதாக வந்து போவது பெரியது வரப்போகிறது என்ற தகவல். முதல் இரண்டு நாள்தான் அதிக ஆபத்து. கை சரியாகிவிட்டாலும் அன்றைக்கே போக வேண்டும். வலி இல்லாததால்தான் இந்த நோயை எங்கள் ஆட்கள் மதிப்பதில்லை. காலில் மட்டக்கத்தி பட்டால் ஓடுகிறோம், இதற்கு உட்கார்ந்துவிடுகிறோம்.

யோசித்துப் பார்த்தால் நாங்கள் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்து வந்திருக்கிறோம். அவசரப்பட வேண்டிய முதல் நாளில் பொறுமையாக இருந்தோம். பொறுமையாக இருக்க வேண்டிய மாதங்களில் அவசரப்பட்டோம். “மூணு மாசமாச்சு, இன்னும் கை எழும்பலயே, இனி அவ்வளவுதான்” என்று பெரியம்மாவைச் சுவரோரம் போட்டுவிட்டார்கள். முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்பது உண்மை. அதற்குப் பிறகும் மெதுவாக வரலாம், அத்தோடு நின்றுவிடுவதில்லை. மூளையின் செத்த பகுதி பிழைக்காது. பக்கத்துப் பகுதிகள் அந்த வேலையைப் பழகிக்கொள்ளும். பழக்கினால்தான் பழகும்.

பெரியம்மாவுக்கு வலது பக்கம் விழுந்தது, கூடவே பேச்சும் போனது. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு மூளையின் இடது பக்கத்தில் இருக்கிறது, வலது கையை ஆட்டுவதும் அந்தப் பக்கம்தான். 1861இலேயே பிரான்சில் புரோக்கா என்ற மருத்துவர் ஒரே ஓர் அசையை மட்டும் சொல்லத் தெரிந்த நோயாளி ஒருவரை வைத்து, பேச்சுக்கு மூளையில் தனி இடம் உண்டு என்று காட்டினார். பெரியம்மாவுக்கும் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது. போதும். பசித்தாலும் போதும், யாராவது வந்தாலும் போதும், வலித்தாலும் போதும். ஒரு வாய் ஊட்டியதும் “போதும்” என்று சொல்லும். உடனே தட்டை எடுத்துவிடுவார்கள். சாப்பிட மாட்டேன் என்கிறது, சாக நினைத்துவிட்டது என்று ஊரே பேசியது. உடம்பு வற்றிப்போனது.

மருமகள்தான் கண்டுபிடித்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள், மலையில் அரை நாள் நின்றுவிட்டு மத்தியானம் ஓடிவந்து மாமியாருக்குச் சோறு பிசைவாள். ஒரு நாள் “போதும்” என்று சொன்னபோது தட்டை எடுக்கப் போனாள். பெரியம்மாவின் இடது கை தட்டின் விளிம்பை விடவில்லை. அவள் மறுபடி உட்கார்ந்தாள். இன்னொரு வாய் ஊட்டினாள். “போதும்.” கை விடவில்லை. இன்னொரு வாய். தட்டு காலியானதும் விரல்கள் தானாகக் கழன்றன. அன்றிலிருந்து அவள் சொல்லைக் கேட்கவில்லை, கையைக் கேட்டாள். பிறகு முகத்தை, பிறகு கண்ணை. “அத்தை இப்ப வேண்டாம்ங்குது, அத்தை இப்ப கோவமா இருக்கு” என்று அவள் எங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லுவாள். பேச முடியாதவருக்கு அறிவும் போய்விட்டது என்று நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். போகவில்லை. எல்லாம் உள்ளே இருந்தது.

இன்னொன்றும் நடந்தது. திருவிழாக் காலத்தில் பஜனை கோஷ்டி லயத்துப் பக்கம் வந்தபோது, பெரியம்மா பாட்டோடு சேர்ந்து பாடியது. தண்ணி என்று கேட்க முடியாத வாய் அடி அடியாகச் சொல்லோடு பாடியது. கோஷ்டியே நின்றுவிட்டது. அம்மன் அருள் என்றார்கள். அருள் இல்லை என்று நான் சொல்லப் போவதில்லை. பேச்சு இழந்த பலருக்குப் பாட்டு மிஞ்சும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பழகிய பாட்டுக்கு மூளையின் மறுபக்கமும் கை கொடுக்கிறதாம். பாட்டின் ராகத்தில் சொற்களை ஏற்றிப் பேச்சுப் பழக்கும் முறையும் இருக்கிறது. மருமகள் யாரிடமும் கேட்காமலே “தண்ணி வேணுமா” என்பதை ராகமாக இழுத்துக் கேட்கத் தொடங்கினாள். கொஞ்ச காலத்தில் “தண்ணி” என்ற சொல் ராகத்தோடு திரும்பி வந்தது. பெரியம்மா அதற்குப் பிறகு பல வருஷம் இருந்தது. சொற்கள் ஒரு கைப்பிடி தேறியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் ஆள் திரும்பி வந்துவிட்டது.

எங்கள் ஆட்களின் பேச்சுப் பயிற்சியில் ஒரு தனிக் கஷ்டம் உண்டு. பேச்சு போனவர் தமிழர், சோதிக்கிறவருக்குச் சிங்களம்தான் தெரியும் என்றால், நோயாளிக்கு எது போனது, எது மிஞ்சியது என்பதே சரியாகத் தெரியாது. யாரையும் குறை சொல்லவில்லை. இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் கூடப் போய் உட்கார வேண்டும். நான் சில பேருக்கு அப்படிப் போயிருக்கிறேன். அரை நாள் போகும், வேறொன்றும் செலவில்லை.

வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் அறிய வேண்டியவை இன்னும் சில உண்டு. தளர்ந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்பக்கூடாது, தோள் மூட்டுக் கழன்றுவிடும். அக்குளுக்குக் கீழே முதுகைத் தாங்கி எழுப்ப வேண்டும். எழும்ப முடியாதவரை இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். படுக்கைப்புண் வந்தால் அதுவே ஆளைக் கொண்டுபோகலாம். எண்ணெய் தேய்த்துவிடுவது இதமாக இருக்கலாம், ஆனால் அதனால் மட்டும் கை எழும்பாது. அந்தக் கை தானாக முயல வேண்டும். தம்பி வீட்டில் ரொட்டிக்கு மா பிசையும் வேலையை அவருடைய வலது கைக்கே விட்டுவிட்டார்கள். முதலில் மா தரையெல்லாம் சிந்தியது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய மனைவி கீழே பேப்பரை விரித்துவிட்டுப் பேசாமல் இருந்தாள். அந்தப் பேசாமலிருத்தல் பெரிய வைத்தியம். கக்கூசுக்குப் போகும் படிக்கட்டில் இரும்புக் குழாயில் ஒரு கைப்பிடி வைத்தார்கள். கோயில் வேலையில் மிஞ்சிய குழாய்தான் அது.

வாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. காரணமில்லாமல் அழுவார்கள், சிலர் சிரிப்பார்கள். “ஆம்பளை இப்படி அழுவலாமா?” என்று கேட்காதீர்கள். அதற்கும் மருந்து உண்டு, கிளினிக்கில் சொல்ல வேண்டும். சோர்ந்துபோனவர்களுக்கு நான் லூயி பாஸ்டர் கதையைச் சொல்வேன். அந்த விஞ்ஞானிக்கு 1868இல், 45 வயதில், வாதம் வந்து இடது பக்கம் விழுந்தது. முழுதாக அது திரும்பவே இல்லை. வெறிநாய்க்கடிக்கு அவர் ஊசி கண்டுபிடித்து ஒரு பையனுக்குப் போட்டது 1885இல். எங்கள் தோட்டங்களில் நாய் கடித்து ஊசி போட்டுப் பிழைத்த பிள்ளைகள் எத்தனையோ பேர். தளர்ந்த கைக்காரர் ஒருவர் அவர்களுக்குக் கொடுத்தது அது.

இதெல்லாம் வந்த பிறகு செய்வது. வராமல் தடுப்பதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான். பிரஷரே பெரிய எதிரி. அடுத்து சீனி வருத்தம், பீடி, சுருட்டு, வெற்றிலையோடு போகும் புகையிலை, தவறணை. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு தேக்கரண்டிகூட முழுதாக இல்லை. கருவாடும் சம்பலும் ரொட்டியுமாக வாழ்கிற எங்களுக்கு அது காலைச் சாப்பாட்டோடேயே முடிந்துவிடும். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் தேத்தண்ணியிலேயே உப்புப் போட்டுக் குடிக்கும் பழக்கம் உண்டு, அங்கே தொழிலாளர்களிடம் பிரஷர் மிக அதிகம் என்று திப்ருகரில் இருந்த ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். தேயிலை விளையும் இடமெல்லாம் எங்கள் கதைதான்.

பிரஷர் குளிசை அரசாங்கக் கிளினிக்கில் சும்மா கிடைக்கிறது. பிறகு ஏன் பாதியில் நிறுத்துகிறார்கள்? “உடம்பு நல்லாத்தானே இருக்கு” என்பது ஒரு காரணம். குளிசை போடுவதால்தான் நல்லா இருக்கிறது என்பது எடுத்துச் சொன்னால் விளங்கும். மற்றக் காரணம் எடுத்துச் சொல்லித் தீராது. கிளினிக் நாள் வேலை நாளில் வருகிறது. விடியக்காலை பஸ் பிடித்துப் போய், வரிசையில் நின்று, கொப்பியைக் காட்டிக் குளிசை வாங்கித் திரும்பும்போது பின்னேரமாகிவிடும். அன்றைக்குப் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் சம்பளமும் இல்லை. நாளுக்கு 1,000 ரூபாய் என்ற சம்பளத்தையே வருடக்கணக்காகக் கேட்டு 2021இல்தான் பெற்றோம். அந்த ஒரு நாள் காசை விட்டுவிட்டுக் குளிசைக்குப் போ என்று நான் எந்த முகத்தோடு சொல்வது? கொழுந்துக்காரப் பெண்களின் கிளினிக் கொப்பிகளைப் புரட்டிப் பாருங்கள். கொழுந்து நிறைய வரும் மாதங்களில் பக்கம் காலியாக இருக்கும்.

அதனால் சங்கங்களிடமும் தோட்ட நிருவாகங்களிடமும் ஒன்றைக் கேட்கிறேன். கிளினிக் கொப்பியில் அன்றைய திகதி முத்திரை இருந்தால் அந்த நாளுக்கு அரைப் பேராவது போடுங்கள். முடியாவிட்டால் மாதம் ஒரு முறை பெரட்டுக்களத்திலேயே பிரஷர் பார்த்துக் குளிசை கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். ஒவ்வொரு லயத்திலிருந்தும் தார் ரோட்டுக்கு ஒரு கதிரையை நாலு பேர் தூக்கி இறங்கும் அளவுக்குப் படிக்கட்டை அகலமாக்குங்கள், கை பிடிக்க ஒரு குழாயும் வையுங்கள். ஒக்டோபர் 29 உலகப் பக்கவாத தினம் என்கிறார்கள். அன்றைக்குக் கூட்டம் வைக்காவிட்டாலும் பரவாயில்லை. ஒரு டின் பெயின்ட் வாங்கி, ஒவ்வொரு லயத்துத் தொங்கல் சுவரிலும் 1990 என்று பெரிதாக எழுதச் சொல்லிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். எங்கள் லயத்துச் சுவருக்கான பெயின்டை நான் வாங்கித் தருகிறேன்.